தோட்டத்துப் பட்டணத்தில் இருந்துகொண்டே ஜப்பானிய மொழி: சொந்தமாகப் படிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மொழிக்காக நான் கட்டிய முதல் 400 வெள்ளி (ரிங்கிட்) தண்டமாகப் போனது. 2014இல் மலேசியாவின் கூலிம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இணைய வகுப்பு ஒன்றில் பணத்தைக் கட்டினேன். பாடம் முழுக்க ஆங்கிலம். ஜப்பானியச் சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே காட்டினார்கள். மூன்று மாதம் கழித்து, ஜப்பானிலிருந்து வந்த பெட்டி ஒன்றின் மேல் ஒட்டியிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

வகுப்பை விட்டுவிட்டு, பாடாங் செராயில் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து நானே படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளிலேயே ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஜப்பானியத்துக்குப் போவது, கூலிம் போக வேண்டியவன் ஈப்போ வழியாகப் போகிற மாதிரி. நமக்குக் குறுக்குவழி இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடைத்தெருவில் சீனம். இலக்கணத்தைத் தமிழ்த் தலையால் பிடியுங்கள், ஒலியையும் எண்ணிக்கைச் சொற்களையும் மலாய்க் காதால் பிடியுங்கள், படவெழுத்துக்குச் சீனக் கடைப் பலகைகளைப் பாருங்கள். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

தொடங்கும் முன்: எவ்வளவு நேரம்?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடக்கிறது. 2010 முதல் அதற்கு ஐந்து நிலைகள். என் ஐந்துதான் (N5) ஆகக் கீழ்நிலை, என் ஒன்று (N1) ஆக உயர்ந்தது. பழைய முறையில் கடைசி நிலைக்குச் சுமார் 150 மணி நேரப் படிப்பு, 800 சொல், 100 படவெழுத்து என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். இன்றைய என் ஐந்துக்கும் அதை உத்தேசக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 40 நிமிடம் என்றால் 225 நாள், ஏழரை மாதம்.

நடைமுறையில் இரவு ஷிப்ட், தைப்பூசம், தீபாவளி, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் வரும். பத்து மாதம் என்று வையுங்கள். வாரத்தில் ஒரே நாள் நான்கு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 40 நிமிடம் மேல். ரப்பர்ப் பால் மரத்தை நம் தாத்தாக்கள் எப்படிச் சீவினார்கள்? ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும். மெல்லிய சீவல்தான் பால் தரும்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1982இல் அரசாங்கம் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்ததிலிருந்து நம் நாட்டு மாணவர்கள் ஜப்பானுக்குப் படிக்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த வழியில் போகிறவர்களுக்கு எழுதவும் படிக்கவும் முழுத் திறமை வேண்டும். தொழிற்சாலையில் ஜப்பானியப் பொறியாளரோடு நாலு வார்த்தை பேசினால் போதும் என்பவர் காதுக்கும் வாய்க்கும் அதிக நேரம் கொடுக்கலாம். கார்ட்டூன் பார்க்கத்தான் என்றாலும் தப்பில்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதல் மாதம்: எழுத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்

ஜப்பானியத்தில் மூன்று வகை எழுத்து கலந்து வரும். ஹிரகானா 46, கத்தகானா 46, அப்புறம் சீனாவிலிருந்து வந்த படவெழுத்தான கான்ஜி. கஞ்சி இல்லை, கான்ஜி. எங்கள் வீட்டில் இந்தச் சிரிப்பு ஓய இரண்டு வாரம் ஆனது. முதலில் ஹிரகானா.

ஆங்கிலப் புத்தகங்கள் இந்த 46 எழுத்தையும் ஒவ்வொரு படமாகக் கதை சொல்லி மனப்பாடம் பண்ணச் சொல்லும். தமிழ்ப்பள்ளியில் உயிர்மெய் அட்டவணையை ராகம் போட்டு ஒப்பித்தவருக்கு அது தேவையில்லை. ஹிரகானா அட்டவணையின் மேல்வரி அ, இ, உ, எ, ஒ. அடுத்தது க, கி, கு, கெ, கொ. அப்புறம் ச வரிசை, த வரிசை, ந வரிசை, ஹ வரிசை, ம, ய, ர, வ. கடைசியில் தனியாக ஒரு ன். இப்போது நம் மெய்யெழுத்து வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இடையில் சில எழுத்தை விட்டால் அதே வரிசை. ஹ மட்டும் இடிக்கிறதே என்றால், பழைய ஜப்பானியத்தில் அந்த வரிசை ப ஒலியாக இருந்தது என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத மந்திரங்களைப் படிக்கக் கற்றபோது இந்திய எழுத்துகளின் அடுக்குமுறையும் கூடவே ஜப்பான் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய அகராதிகள் இன்றும் இந்த வரிசையில்தான் சொற்களை அடுக்குகின்றன.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வரிசை. புத்தகக் கடையில் சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கட்டம் போட்ட நோட்டு விற்கும், அதை வாங்குங்கள். ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை, வாயால் சொல்லிக்கொண்டே, கோடு போடும் வரிசை மாறாமல் எழுதுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது பொது விதி. பத்துப் பதினோரு நாளில் அட்டவணை முடியும். மீதி இரண்டு மூன்று நாள் ஒன்றுபோல இருக்கும் எழுத்துகளுக்கு. நு–மெ, ரு–ரொ, கி–ச, வ–ரெ–நெ, இவை ஆளைக் குழப்பும்.

அடுத்த இரண்டு வாரம் கத்தகானா. அதே ஒலிகள், வேறு கோடுகள். இதில் ஷி, ட்சு, சொ, ன் நான்கும் பார்வைக்குக் கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஷியும் ன்னும் நீளக்கோட்டைக் கீழிருந்து மேலே இழுப்பவை, ட்சுவும் சொவும் மேலிருந்து கீழே. எழுதிப் பழகியவன் கை இதை மறக்காது. பார்த்து மட்டும் படித்தவன் ஒரு வருடம் கழித்தும் தடுமாறுவான். நான் இரண்டாவது ரகம், அதனால்தான் சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அதைச் செய்யாதீர்கள். காரணம் இதுதான்.

மலாயில் கறிக்கு ஒரு சொல், கைவிலங்குக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'காரி' என்றுதான் வரும். எது சோற்றில் ஊற்றுவது, எது போலீஸ்காரர் மாட்டுவது என்று எழுத்து சொல்லாது. ஆனால் மலாயில் பேசும்போது நாம் யாரும் குழம்புவதில்லை. வல்லொலியையும் மெல்லொலியையும் நம் காது தனித்தனியாகப் பிடிக்கிறது. ஜப்பானியத்துக்கு அந்தக் காதுதான் வேண்டும். அங்கே தங்கமும் வெள்ளியும் தமிழ் எழுத்தில் ஒரே 'கின்'. வல்லின க வந்தால் தங்கம், மலாயில் மலைக்குச் சொல்லும் 'குனோங்'கில் வருகிற மெலிந்த க வந்தால் வெள்ளி.

ஜப்பானிய எழுத்தில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போட்டால் ஒலி மெலியும். ஹ வரிசையில் சின்ன வட்டம் போட்டால் ப ஆகும். அவ்வளவுதான். இருந்தும், இரண்டு உயிருக்கு நடுவில் வரும் க, த இரண்டையும் தானாக மெலிய விடுவது தமிழ் வாயின் பழக்கம். 'நான்' என்று பொருள்படும் 'வதஷி'யில் த வல்லினம். நம்மவர்கள் பத்தில் ஒன்பது பேர் அதை 'கதை'யில் வருகிற த மாதிரி மென்மையாகச் சொல்வார்கள். முதல் மாதமே இதைத் திருத்திவிடுங்கள், பிறகு கஷ்டம்.

மற்றபடி ஒலியில் நமக்கு லாபம்தான். ர ஒலி நம் ரகரத்துக்கு மிகப் பக்கம். குறில் நெடில் வித்தியாசம் நம் ரத்தத்தில் இருக்கிறது. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. 'பிரு' கட்டடம், 'பீரு' பியர். ஒற்று இரட்டிப்பதும் அப்படித்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரு நுணுக்கம் மட்டும் மாறும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் முழுதாக ஒரு மாத்திரை. நிப்பொன் என்பதை நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டாகத் தட்ட வேண்டும். தொடையில் தாளம் போட்டுப் பழகுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

புத்தகம்: ஒன்றே ஒன்று

ஐந்து புத்தகம் வாங்கி எதையும் முடிக்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நம் நிலைக்கு நான் சொல்வது ஜப்பான் அறநிறுவனம் வெளியிட்ட 'இரோதோரி'. பாடமும் ஒலிப்பதிவும் இணையத்தில் முழுக்க இலவசம். தொடக்கம் ஒன்று, அடிப்படை இரண்டு என்று மூன்று பகுதி. ஜப்பானில் வேலை செய்து வாழ வருகிறவர்களுக்காக எழுதியது. ஆகவே கடையில் கேட்பது, வேலையிடத்தில் பேசுவது, குப்பை பிரித்துப் போடுவது என்று காரியமாகப் போகும். இந்தோனேசிய மொழிப் பதிப்பும் இருக்கிறது. இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து வரை மலாயில் படித்தவருக்கு அந்த விளக்கங்கள் ஆங்கிலத்தைவிடச் சுலபமாக இறங்கும். போட்டோகாப்பி கடையில் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படித்தால் பக்கத்து வாட்ஸ்ஆப் கூப்பிடும்.

இலக்கணத்தை வரிசையாக, அழுத்தமாகப் படிக்க விரும்புபவருக்கு 'மின்னா நோ நிஹொங்கோ'. தொடக்கநிலை இரண்டு பாகம், பாகத்துக்கு 25 பாடம். முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்திலேயே இருக்கும். விளக்கப் புத்தகத்தைத் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. 'கெங்கி' நல்ல புத்தகம்தான், ஆனால் கல்லூரி மாணவர் வாழ்க்கையைச் சுற்றி எழுதியது. பக்கத்தில் ஜோடி சேர்ந்து படிக்க ஆள் இருந்தால் அது சிறக்கும்.

இலக்கணம்: இங்கேதான் தமிழ் கைகொடுக்கும்

'நான் நாளை நண்பனோடு பினாங்குக்குப் போகிறேன்.' ஜப்பானியத்தில்: 'வதஷி வா அஷிதா தொமொதச்சி தொ பெனான் எ இகிமாசு.' வதஷி நான், அஷிதா நாளை, தொமொதச்சி நண்பன், தொ என்பது ஓடு, பெனான் பினாங்கு, எ என்பது கு, இகிமாசு போகிறேன். எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. இதை ஆங்கிலத்தின் வழியாகப் படித்தபோது நான் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டி, மறுபடி புரட்டி, இரண்டு முறை கஷ்டப்பட்டேன். தமிழில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டு போயிருந்தால் முடிந்திருக்கும்.

ஜப்பானியர்கள் பெயருக்குப் பின்னால் சின்னச் சின்ன ஒட்டுகளைச் சேர்ப்பார்கள். அவற்றை நம் வேற்றுமை உருபுகளாக எண்ணி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'ஒ' என்பது ஐ. 'நொ' என்பது உடைய. 'நி' பெரும்பாலும் கு, சில இடத்தில் இல். 'தெ' என்பது மெலிந்த தகரத்தோடு, இடத்துக்கு இல், கருவிக்கு ஆல். 'கரா' என்பது இருந்து. 'மொ' என்பது உம். வாக்கியக் கடைசியில் 'கா' போட்டால் கேள்வி, நம் 'ஆ' மாதிரி. 'இகிமாசு கா' என்றால் 'போகிறீர்களா'. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது வரும் 'தொ' நம் 'என்று'.

வினையெச்சத்துக்கு வாருங்கள், இதுதான் எனக்குப் பிடித்த இடம். 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். 'தபெதெ மிரு' என்றால் என்ன? சாப்பிட்டுப் பார்! கண்ணால் பார்க்கும் பார் இல்லை, ருசித்துப் பார்க்கும் பார். 'கத்தெ' வாங்கி, 'ஒகு' வை. 'கத்தெ ஒகு' என்றால் முன்கூட்டியே வாங்கி வை. 'தபெதெ ஷிமாவ்' என்றால் சாப்பிட்டு விடு. ஆங்கிலப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதும். நமக்கு 'இது நம்ம துணைவினை' என்ற ஒரு வரி போதும். பெயரெச்சமும் அப்படியே. 'கினோ கத்தா ஹொன்' என்றால் நேற்று வாங்கிய புத்தகம். 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' என்பவை இது, உது, அது, எது. உது நம் பேச்சில் போய்விட்டது, யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் கேட்கலாம். சொரெ அந்த இடத்துக்குத்தான், கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்ட.

'பார்த்தீங்களா, ஜப்பானியம் தமிழிலிருந்துதான் பிறந்தது' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் எழுதினார், உண்மை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. துருக்கியமும் கொரியமும்கூட இப்படித்தான் வினையைக் கடைசியில் வைக்கின்றன. உறவு இருக்கிறதோ இல்லையோ, வினையெச்சம் உங்களுக்குச் சுலபம். அது போதும்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. 'வா', 'கா' என்ற இரண்டு ஒட்டு. இங்கே கா மெலிந்த ககரம், கேள்விக் கா இல்லை. இரண்டும் எழுவாய்க்குப் பின்னால் வரும், நம் எழுவாய்க்கோ உருபே கிடையாது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. 'யாரு வந்தா?' என்று கேட்கிறார்கள், 'தங்கச்சி வந்தா' என்கிறோம். தங்கச்சி புதுச் செய்தி, அதற்கு 'கா'. 'தங்கச்சி எங்க?' என்று கேட்கிறார்கள், 'தங்கச்சியா, அவ கடைக்குப் போயிட்டா' என்கிறோம். அவளைப் பற்றி ஏற்கெனவே பேச்சு வந்தாயிற்று, அதற்கு 'வா'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. முக்கால்வாசிக்குப் பொருந்தும், மீதி கேட்டுக் கேட்டுத்தான் வரும். எழுதும்போது இந்த 'வா'வுக்கு ஹ எழுத்தைப் போடுவார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உயிருள்ளது இருந்தால் 'இரு', உயிரற்றது இருந்தால் 'அரு'. திணை மாதிரி தோன்றும், ஆனால் நாயும் பூனையும் மனிதரோடு சேர்ந்து 'இரு' பக்கம் போய்விடும். மரத்துக்கு 'அரு'தான். வினையில் ஆண்பால் பெண்பால் கிடையாது, நான், நீ, அவன் எல்லாருக்கும் ஒரே முடிவு. மரியாதைக்கு மட்டும் வடிவம் மாறும். வா, வாங்க, வாருங்கள் என்று படியேறத் தெரிந்தவருக்கு அது புதிதல்ல. தொடக்கத்தில் 'மாசு', 'தெசு' என்று முடியும் மரியாதை வடிவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், யாரையும் புண்படுத்தாது.

சொற்கள்: பாட்டியின் பஸ்ஸும் மலாயின் 'செபாத்தாங்'கும்

கத்தகானா எழுத்தில் வரும் சொற்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றை ஊகிக்க ஒரே தந்திரம்: ஆங்கிலம் படிக்காத நம் பாட்டி அந்தச் சொல்லை எப்படிச் சொல்வார் என்று யோசியுங்கள். மெய்யில் முடிகிற எதற்கும் பின்னால் ஓர் உகரம். பஸ்ஸு, டேப்பு, நோட்டு, பீரு. ஜப்பானியர்களும் அதையேதான் செய்கிறார்கள், சில சொல்லில் உகரத்துக்குப் பதில் ஒகரம். பஸ் 'பசு', பியர் 'பீரு', நோட்டு 'நோட்டொ'. ஆங்கிலேயர் காலத்துப் 'பரேடு' தோட்டத்தில் பெரட்டு ஆனதே, அந்த மாதிரிதான். 'கரே' என்ற ஜப்பானியச் சொல்லோ நம் கறியே ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது.

எண்கள்: இச்சி, நி, சன், யொன், கொ, ரொகு, நானா, ஹச்சி, க்யூ, ஜூ. நாலுக்கு ஷி என்றும் ஏழுக்கு ஷிச்சி என்றும் மறு பெயர் உண்டு. பதினொன்று பத்தொன்று, இருபது இரண்டு பத்து, தமிழ் மாதிரியே.

இதை நான் முதல் வாரம் சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'ஷி, கொ' என்று நிறுத்திவிட்டு நோட்டைப் பார்த்தேன். முன்கூடத்திலிருந்து பாட்டி குரல்: 'ரொகு, ஷிச்சி, ஹச்சி...' நான் வெளியே ஓடி வந்தேன். எண்பது வயசு, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்திருந்தபோது சிறுமி. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். 'ஜப்பான்காரன் காலத்துல வரிசையா நிக்க வச்சு எண்ணச் சொல்லுவாண்டா. அதுல ஒரு எண்ணு தப்புனா அடி.' கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'எங்கப்பாவ சயாமுக்கு ரயிலு போடக் கொண்டு போனான். நீ எதுக்குடா இத படிக்கிற?' என்றார். வேலைக்கு என்றேன். 'அப்ப ஒழுங்கா படி. ஷிச்சிய இழுக்காத' என்றார். அன்றிலிருந்து எண்ணுக்கு அவர்தான் வாத்தியார்.

எண்ணிக்கைச் சொற்களில் ஆங்கிலப் புத்தகங்கள் பயமுறுத்தும்: நீளமானதை எண்ண ஒரு சொல், தட்டையானதற்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு சொல், சின்ன விலங்குக்கு ஒரு சொல். பயப்படாதீர்கள், தொடக்கப்பள்ளி மலாய்ப் பாடத்தில் 'பென்ஜோடோ பிலாங்கான்' என்று மனப்பாடம் பண்ணியது இதைத்தான். பென்சிலுக்கு 'செபாத்தாங்', ஜப்பானியத்தில் 'இப்பொன்'. தாளுக்கு 'செஹெலாய்', அங்கே 'இச்சிமாய்'. பூனைக்கு 'செஎக்கோர்', அங்கே 'இப்பிகி'. எண்ணைப் பொறுத்து ஒலி கொஞ்சம் திரியும். இரண்டு 'நிஹொன்', மூன்று 'சன்பொன்'. இதில் ப மெலிந்தது. இந்தத் திரிபுகளை வாயாலேயே பழகுங்கள், விதி தேட வேண்டாம்.

சொற்களை நினைவில் வைக்க 'அன்கி' என்ற செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. நீங்கள் மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். ஒரு நாளைக்குப் புது அட்டை பத்துக்கு மேல் போடாதீர்கள். பத்துப் போட்டாலே 80 நாளில் 800 சொல். நான் ஆசைப்பட்டு முப்பது போட்டேன். ஒரு வாரம் இரவு ஷிப்ட் முடிந்து திறந்தால் ஐந்நூறு அட்டை வரிசையில் நிற்கிறது. அப்படி மலையாகிவிட்டால் வெட்கப்படாமல் புது அட்டையை நிறுத்திவிட்டு, பழையதைத் தினம் ஐம்பதாகக் கரையுங்கள். விளையாட்டு மாதிரிப் புள்ளி கொடுக்கும் செயலிகள் எழுத்துப் பழக உதவும். அதைத் தாண்டி அவற்றை நம்பி ஒரு வருடம் போக்காதீர்கள்.

கான்ஜி: கடைத்தெருவே பாடப்புத்தகம்

ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கென்று வகுத்த கான்ஜி 2,136. முதல் வருடம் உங்களுக்கு வேண்டியது நூறு.

நகைக்கடைப் பலகையில் மேலே கூரை மாதிரி இரண்டு சரிவு, கீழே கோடுகள், அடியில் இரண்டு புள்ளி. அது தங்கம். சீனமும் ஜப்பானியமும் இந்த எழுத்தை ஒன்றாகவே எழுதுகின்றன. மலை, ஆறு, மனிதன், பெரியது, சிறியது, சூரியன், நிலா எல்லாம் அப்படியே. பட்டணத்தில் மோட்டாரில் போகும்போது கடைக்கு ஓர் எழுத்து என்று பிடியுங்கள். சீனப்பள்ளியில் படித்த நண்பன் இருந்தால் கோடு போடும் முறையைச் சொல்லித் தருவான். சில எழுத்தை ஜப்பானியர்கள் வேறு மாதிரி சுருக்கியிருக்கிறார்கள், அதை மட்டும் புத்தகத்தைப் பார்த்துச் சரி செய்துகொள்ளுங்கள்.

மரம் என்ற எழுத்தில் தொடங்குங்கள், தோட்டத்துப் பிள்ளைக்குப் பொருத்தம். ஒரு சிலுவை, இரண்டு பக்கமும் சரிந்த கிளை. இரண்டு மரம் பக்கத்தில் நின்றால் தோப்பு, மூன்று நின்றால் காடு. மரத்தின் அடியில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் மூலம், புத்தகம் என்றும் பொருள். சூரியனையும் இந்த மூலத்தையும் சேர்த்தால் ஜப்பான். மரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் சாய்ந்திருந்தால் ஓய்வு. நிரை முடித்த பால்வெட்டுக்காரர் பத்து மணிக்கு மரத்தடியில் உட்காருவாரே, அந்தப் படம்தான்.

ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று உச்சரிப்பு இருப்பதுதான் தலைவலி. தண்ணீர் என்ற எழுத்து தனியாக வந்தால் 'மிசு', சொற்சேர்க்கையில் 'சுய்'. நம்மிடமும் இது உண்டு. தனியாக நீர் என்போம், தடுமத்துக்கு ஜலதோஷம் என்போம், நீர்தோஷம் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளூர்ச் சொல் ஒன்று, வெளியிலிருந்து வந்த சொல் ஒன்று. ஆகவே உச்சரிப்புகளைத் தனியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லாகப் படியுங்கள், உச்சரிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

காதும் வாயும்

இரண்டாம் மாதத்திலிருந்து தினம் பத்து நிமிடமாவது கேளுங்கள். பாடத்தின் ஒலிப்பதிவையே தொழிற்சாலை பஸ்ஸில் திரும்பத் திரும்பப் போடுங்கள். முதல் முறை புத்தகம் பார்க்காமல், இரண்டாம் முறை பார்த்து, மூன்றாம் முறை கூடவே வாய்விட்டு. ஜப்பானின் பொது ஒலிபரப்பான என்எச்கே உலக ஒலிபரப்பில் எளிய ஜப்பானியப் பாடங்கள் இலவசமாக உண்டு, இந்தோனேசிய மொழி விளக்கத்தோடும் கிடைக்கும். கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் 'ததொக்கு' தளத்தின் இலவசச் சிறுகதைகளைப் படியுங்கள், ஆகக் கீழ்ப்படியில் படம்தான் அதிகம்.

கார்ட்டூன் ஆபத்து என்றேனே. எங்கள் பிரிவில் ஒரு பையன் அதிலேயே மொழி கற்றவன். பயிற்சி கொடுக்க வந்த ஜப்பானியப் பெரியவரைப் பார்த்து 'ஒமாஎ' என்று ஆரம்பித்தான். 'நீ' என்பதற்கு அதில் அடிக்கடி வருகிற சொல்தான். ஆனால் 'டேய், உன்னைத்தான்' என்கிற தொனி. பெரியவர் முகம் சுண்டிவிட்டது. ஜப்பானியத்தில் 'நீங்கள்' என்பதையே தவிர்த்து, பெயரோடு 'சன்' சேர்த்துக் கூப்பிடுவதுதான் வழக்கம். நாம் மட்டும் பெரியவரைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? அண்ணன், ஐயா என்று ஒன்றைச் சேர்க்கத்தானே செய்கிறோம்.

பேச ஆள் இல்லை என்பது பட்டணத்துக் குறைதான். மொழி பரிமாறும் செயலிகளில் மலாயோ ஆங்கிலமோ பழக விரும்பும் ஜப்பானியர்கள் கிடைப்பார்கள், வாரம் ஒரு குரல்பதிவு அனுப்பினால் திருத்தித் தருவார்கள். அதுவும் இல்லாத நாளில் நான் செம்பனைக் காட்டுப் பாதையில் மோட்டார் ஓட்டிக்கொண்டே கண்ணில் பட்டதையெல்லாம் ஜப்பானியத்தில் சொல்லிக்கொண்டு போவேன். மாடு இருக்கிறது, லாரி வருகிறது, மழை 'ஸாஸா' என்று பெய்கிறது. நம் இரட்டைக்கிளவி மாதிரி அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. சளசளவென்று சரளமாகப் பேசினால் 'பெராபெரா', நெஞ்சு படபடத்தால் 'தொகிதொகி'.

தேர்வு

தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை. நமக்குப் பக்கத்து மையம் பினாங்கு. உங்கள் மையத்தில் இரண்டு தவணையும் நடக்கிறதா என்று முன்பே பாருங்கள். பதிவு பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். என் ஐந்தில் பேச்சுத் தேர்வோ எழுதிக்காட்டும் தேர்வோ கிடையாது, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்துக் கருப்பாக்குவதுதான். சொல்லுக்கு 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40 நிமிடம், கேட்டல் 30 நிமிடம். மொத்தம் 180 புள்ளி, 80 எடுத்தால் தேர்ச்சி.

இந்த 80ஐ மட்டும் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120இல் குறைந்தது 38, கேட்டலுக்கான 60இல் குறைந்தது 19 வாங்க வேண்டும். எனக்கு வாசிப்புப் பக்கம் 78, கேட்டலில் 17. கூட்டினால் 95, முடிவு தேர்ச்சியில்லை. தேர்வில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். வீட்டில் நானோ நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டுப் பழகியிருந்தேன். மறு முறை கடைசி ஆறு வாரம் அதிகாரபூர்வ மாதிரித் தாளின் ஒலிப்பதிவை, பின்னால் ஓட்டாமல், வேண்டுமென்றே காண்டீன் சத்தத்தில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டலில் 41 வந்தது.

தேர்வு அன்றைக்கு மென்மையான பென்சில் இரண்டு, அழிப்பான், அடையாள அட்டை, பதிவுச் சீட்டு. பினாங்குப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருக்கும், விடிகாலையே கிளம்பிவிடுங்கள்.